சமையலறை மேசையில் ஒரு வால்வுச் சக்கரம்

"அக்கா, சக்கரத்தக் குடுங்க. சார் கேக்குறாரு."

எங்கள் வீட்டுக் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று தேவராஜு இப்படிச் சொன்னபோது, நான் சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மத்தியானம் தாண்டியிருக்கும். பிள்ளைகள் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மில்லின் இரைச்சல் வழக்கம்போல் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

சக்கரம் சமையலறை மேசையில், பழைய நாளிதழ் ஒன்றின்மேல் கிடந்தது. தோசைக்கல் அளவு இருக்கும். வார்ப்பிரும்பு. சிவப்புச் சாயம் பாதி உரிந்து, கிரீஸ் வாடை அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் புளி ஊறிக்கொண்டிருந்தது.

"சார் எங்க?" என்றேன்.

"மில்லுலதான் இருக்காரு."

"அப்ப அவரையே வரச் சொல்லு."

தேவராஜு தலையைச் சொறிந்தான். என் வீட்டுக்காரருக்குக் கீழே மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். என்னைவிட ஓரிரு வயது இளையவன். தீபாவளிக்கு அவன் வீட்டு முறுக்கும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக் கேக்கும் கை மாறுகிற அளவுக்குப் பழக்கம்.

"அக்கா, லோரிங்க எல்லாம் ரோடு வரைக்கும் நிக்குது. செம்பனக் குலையெல்லாம் வெயில்ல காயுது. பெரிய பொஸ் சத்தம் போடுறாரு. குடுங்க லா, அக்கா."

"சாரு கேட்டாருன்னு சொல்றியே, நீ அவரக் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"எப்ப?"

"டீக்கு முன்னாடி."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"டீ எப்பவோ முடிஞ்சிருச்சு, தேவா. போயி அவரக் கூட்டிட்டு வா. அவரு கையிலதான் குடுப்பேன்."

மூவார் வாசகிக்கு

தேவராஜு கொஞ்சம் வாசலிலேயே நிற்கட்டும். காஹாங் ஊரில் இருந்த நாள்களைப் பற்றி இந்தப் பத்தியில் இத்தனை வாரமாக எழுதுகிறேன். "பக்கத்து வீட்டுச் சேவலைப் பற்றிக்கூட எழுதிவிட்டீர்கள், உங்கள் வீட்டுக்காரரைத்தான் காணோம்" என்று மூவாரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். சேவலைப் பற்றி எழுதுவது சுலபம், அதனால்தான்.

அவர் பெயர் சாமுவேல். காஹாங்குக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு செம்பனை ஆலையில் எஞ்சினியர். மில்லுக்குப் பக்கத்திலேயே கம்பெனி கொடுத்த வீட்டில் இருந்தோம். அவர் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய குளுவாங் வீட்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஊரெல்லாம் நல்ல சாவு என்றார்கள். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாரே என்று எனக்குத்தான் ரொம்ப நாள் கோபம் இருந்தது.

நான் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கிற குடும்பத்துப் பெண். அவர் வீட்டாரோ தாத்தா காலத்திலிருந்தே கிறிஸ்தவர்கள். கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வீட்டிலும் பெரிய கலாட்டா நடந்தது. அதையெல்லாம் இன்னொரு நாள் சொல்ல நிறைய இருக்கிறது. எப்படியோ கல்யாணம் ஆனது. ஞானஸ்நானமும் ஆனது.

பக்தி என்றால் அவருக்குப் பேச்சு இல்லை, பழக்கம். காரைக் கிளப்புமுன் கண்ணை மூடி ஜெபிப்பார். பிறகு இறங்கிப்போய் எஞ்சின் எண்ணெய் அளவைப் பார்ப்பார். "ரெண்டுல ஒண்ணு செஞ்சா போதாதா?" என்று கேட்பேன். "ரெண்டும் என் வேலைதான் லீலா" என்பார். ஞாயிறு தவறாமல் குளுவாங் கோயிலுக்குப் போவோம். ஆராதனை முடிந்ததும் எல்லோரும் பேசிக்கொண்டு நிற்க, இவர் மட்டும் ஸ்டூல் போட்டு ஏறிக் கூரைக் காற்றாடியைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார். போதகர் ஐயா கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார்.

பிள்ளைகள் விஷயத்திலும் எஞ்சினியர்தான். மூத்தவள் ரூத்துக்குத் தலைவாரி விடுவது அவர் வேலை. வகிடு எடுக்க இரும்பு ஸ்கேல் வைத்திருந்தார். மூக்குக்கு நேராக ஸ்கேலைப் பிடித்து, சீப்பின் முனையால் கோடு இழுப்பார். பள்ளிக்கூடத்திலேயே நேரான வகிடு என் மகளுடையதுதான். அவள் கழுத்தைத்தான் பாவம் அசைக்க முடியாது.

சாயங்காலம் விளக்கு போடும் நேரத்தில் குடும்ப ஜெபம் நடக்கும். பாட்டு, வேத வாசிப்பு, அப்புறம் அவர் ஜெபிப்பார். "அன்பும் இரக்கமுமுள்ள எங்கள் பரம தகப்பனே" என்று ஆரம்பித்தால் அந்தத் தமிழ் தடையில்லாமல் போகும். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்தத் தமிழ் கடைசிவரை வாயில் வரவில்லை. கிருபாசனம், பரிந்து பேசுதல் என்றெல்லாம் சொல்ல வேண்டிய இடத்தில், நான் மாரியாத்தாவிடம் பேசுகிற மாதிரி பேசிவிட்டால் என்ன ஆவது? அதனால் ஆமென் மட்டும் சொல்வேன். அவரும் என்னை ஒருநாளும் வற்புறுத்தவில்லை.

இட்லிச் சட்டி

செம்பனைக் குலையை அப்படியே பிழிய முடியாது. முதலில் ஆவியில் அவிக்க வேண்டும். அதற்கென்று ஒரு பஸ்ஸைவிட நீளமான இரும்புக் குழாய்கள் மூன்று, பக்கம் பக்கமாகப் படுத்திருக்கும். உள்ளே தண்டவாளம். குலைகளை இரும்புக் கூண்டு வண்டிகளில் ஏற்றி உள்ளே தள்ளி, கனமான வட்டக் கதவை மூடித் திருகிவிட்டு, வால்வைத் திறந்து ஆவியை விடுவார்கள். புத்தகத்தில் அதற்கு வேறு பெயர். எங்கள் ஆட்களுக்கு அது இட்லிச் சட்டி.

மூன்று சட்டிக்கும் ஆவி ஒரே பெரிய குழாயிலிருந்துதான் வரும். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சட்டியாக நிறுத்தி, ஆட்கள் உள்ளே போய்த் தேய்ந்த தகட்டை மாற்றுவார்கள். அந்த நேரத்தில் மற்ற இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதாவது, உள்ளே ஆள் இருக்கும் சட்டிக்கும் கொதிக்கிற ஆவிக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு வால்வு.

என் வீட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு மில்லில், ஆள் இருப்பது தெரியாமல் இதே மாதிரி ஒரு வால்வைத் திறந்துவிட்டார்கள். உள்ளே இருந்த ஃபிட்டர் இவருடைய சிநேகிதர். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். நானும் மறுபடி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். எந்தச் சட்டிக்குள் வேலை நடக்கிறதோ, அதன் வால்வுச் சக்கரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிடுவார். வேலை முடிந்ததும் அவரே வந்து வாங்கிக்கொண்டு போவார். வேறு யார் வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

முதல் தடவை எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "ஆபீஸ்ல பூட்டி வைக்கிறதுக்கு என்ன?"

"ஆபீஸ் அலமாரிய யாரு வேணும்னாலும் திறப்பாங்க. உன்கிட்ட இருந்து ஒரு சாமான வாங்க முடியுமா?"

"அப்ப ஆண்டவர்மேல நம்பிக்கை இல்லையா?"

"ஆண்டவர்மேல இருக்கு. ஷிப்ட்டுமேல இல்ல."

பாராட்டா, நக்கலா என்று தெரியாமலேயே சக்கரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். மில்லில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று தேவராஜு மூலம் எனக்குத் தெரியும். "சாமுவேல் சார் வீட்டுல ஸ்டீமுக்கும் அக்காகிட்டதான் கேக்கணும்" என்பார்களாம். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

தொலைபேசி

சரி, வாசலில் விட்டுவந்த தேவராஜுவிடம் திரும்பலாம். அவன் போகவில்லை, தயங்கி நின்றான். அதற்குள் தொலைபேசி அடித்தது. தேவராஜு சொன்ன பெரிய பொஸ், மேனேஜர் லோ. நல்ல மனிதர்தான். ஆனால் பழம் குவிகிற மாதத்தில் எந்த மேனேஜரும் நல்ல மனிதராக இருக்க முடியாது. மலாயில்தான் பேசினார்.

"மிஸஸ் சாமுவேல், வேலை முடிஞ்சுதுன்னு உங்க ஹஸ்பண்ட்தான் என்கிட்ட சொன்னாரு. கதவும் மூடியாச்சு. சக்கரத்தைக் குடுத்து விடுங்க."

"அவர்கிட்ட போனைக் குடுங்க பொஸ். அவரு சொன்னா குடுக்குறேன்."

"அவரை எங்க போய்த் தேடுறது? டவுனுக்குப் போயிருப்பாரு."

"காரு வீட்டுல நிக்குது."

பிறகு குரல் மாறியது.

"இது மில்லு சாமான். உங்க வீட்டுச் சாமான் இல்ல. நீங்க இருக்கிற வீடும் மில்லு வீடுதான், ஞாபகம் இருக்கட்டும். சக்கரம் வரலைன்னா பரவாயில்லை, பெரிய ரென்ச்சு போட்டுத் திருகச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டார்.

ரென்ச்சு போட்டும் திருகலாம் என்பது அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. சக்கரம் என்னிடம் இருந்தால் போதும், வால்வு அசையாது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் எங்கேயோ பத்திரமாகத்தான் இருப்பார் என்று மனம் சொன்னது. அப்படியென்றால் ஏன் வந்து கேட்கவில்லை என்று அதே மனம் கேட்டது. வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருகிற மனிதர் அவர்.

அடுப்பை அணைத்தேன். சக்கரத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, நான் தூக்கிட்டு வரேன்."

"நீ முன்னால ஓடு தேவா. ஓடிப்போயி ரென்ச்ச நிறுத்து!"

வாசலில் சப்பாத்து

வீட்டிலிருந்து மில்லுக்குத் தூரம் அதிகமில்லை. ஆனால் அந்தச் சக்கரத்தோடு ஓடிப் பார்த்தால்தான் தெரியும். கிரீஸ் புடவையெல்லாம் அப்பிக்கொண்டது. லோரி டிரைவர்கள் நிழலில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். ஒருவர் "அலமாக்!" என்று வாய்விட்டு வியந்தது காதில் விழுந்தது.

சட்டிகள் இருக்கும் கொட்டகையில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. இரண்டு சட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது சட்டியின் கதவு மூடித் திருகியிருந்தது. ஹாஷிம் என்ற ஃபிட்டர் வால்வுத் தண்டில் ஆள் கை நீளத்துக்கு ஒரு ரென்ச்சைப் பொருத்திவிட்டு நின்றார். தேவராஜு அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். லோ இருவரையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"சார் எங்க?" என்று நானும் கத்தினேன்.

யாருக்கும் தெரியவில்லை. சட்டிக்குள்ளிருந்து வெளியே வந்ததைப் பார்த்தோம் என்று எல்லோரும் சொன்னார்கள். வந்தார், முகத்தைத் துடைத்தார், முடிந்தது என்றார். அப்புறம் எல்லோரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து கதவருகே நின்று உள்ளே எட்டிப் பார்த்தோம், ஒரே இருட்டு, விளக்கையெல்லாம் முன்பே எடுத்தாயிற்று, கதவை மூடினோம். அவர்கள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

அப்போதுதான் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில், சுவரோரமாக, அவருடைய பூட்ஸ் சப்பாத்து. இரண்டும் ஜோடியாக, குதிகால் ஒட்டி, நேராக வைத்திருந்தது.

"இது எப்படி இங்க?"

"சார் சிலிப்பர் மாத்திட்டுப் போயிருப்பாருன்னு நெனச்சோம்க்கா. வழியில கெடந்துச்சு, நான்தான் ஓரமா வெச்சேன்" என்றான் தேவராஜு.

மில்லில் யாரும் சப்பாத்தைக் கழற்ற மாட்டார்கள். காலில் ஆணி ஏறும், எண்ணெய் வழுக்கும். இவரும் கழற்ற மாட்டார். ஆனால் ஜெபம் என்று வந்துவிட்டால் கழற்றாமல் இருக்க மாட்டார். குளுவாங் கோயிலில் எல்லோரும் வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். கார் ஓட்டுகிற இருக்கையில் ஜெபித்தாலும் இவர் முதலில் காலைச் செருப்பிலிருந்து உருவிக்கொள்வார். "அந்தச் சட்டிக்குள்ள நின்னு ஒரு பாட்டுப் பாடிப் பாரு லீலா, பெரிய கோயில்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொல்லியிருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

"உள்ள இருக்காரு!" என்றேன். "கதவத் திறங்க! மனுஷன் உள்ள இருக்காரு!"

லோ முகம் வெளுத்துவிட்டது. ரென்ச்சை முதலில் உருவி எறிந்தவர் அவர்தான். நாலு பேர் சேர்ந்து கதவைத் திருகித் திறந்தார்கள். அந்த நேரம் முழுவதும் நான் சக்கரத்தைக் கீழே வைக்கவில்லை.

கதவு திறந்ததும் உள்ளே வெறும் இருட்டு. பிறகு தண்டவாளத்தின்மேல் காலுறையோடு ஒரு உருவம் நடந்து வந்தது. சட்டை முழுக்கத் துரு. வேர்வையில் முகமே தெரியவில்லை. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தவர், யாரையும் பார்க்காமல் முதலில் கேட்டது இதுதான்:

"சக்கரம் எங்க?"

"என்கிட்டதான் இருக்கு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. ஜெபம் பண்ண உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்பது அதில் கொஞ்சம் மரியாதையான பகுதி. அத்தனை ஆட்களுக்கு முன்னால் அவரை அப்படி ஏசியது அதுதான் முதல் தடவை. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தேவராஜு கொஞ்சம் தள்ளிப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

என்னுடைய தமிழ்

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வந்த பிறகுதான் விவரம் சொன்னார். ரூத் அந்த வருடம் அடிக்கடி காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தாள். டாக்டர்கள் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, மறுபடியும் சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என்னிடம் பயப்படாதே என்று சொன்னவருக்குள் அவ்வளவு பயம் இருந்திருக்கிறது. மில்லில் இரைச்சல், வீட்டில் மூன்று பிள்ளைகள், கோயிலில் மைக். அழுது ஜெபிக்க அவருக்கு ஓர் இடம் இல்லை.

"அஞ்சு நிமிஷம்னுதான் போனேன். கண்ணத் தொறந்தா இருட்டு. கதவத் தட்டுனேன், கத்துனேன். யாருக்குக் கேக்கும்?"

"பயமா இல்லையா?"

"இல்லன்னு சொன்னா பொய். ஆனா நீ குடுக்க மாட்டன்னு தெரியும். பாடிக்கிட்டே இருந்தேன். ரெண்டாவது சரணம் மறந்துபோச்சு."

ரென்ச்சைப் பற்றி அவரிடம் நான் அன்று சொல்லவில்லை. மறுநாள் லோவே ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, தன் வாயால் சொன்னார். இனி யார் சட்டிக்குள் போனாலும் சக்கரம் அந்த ஆளின் வீட்டுக்கே போகும், ரென்ச்சு எடுப்பவனுக்கு மில்லில் வேலை இல்லை என்றும் சொன்னார். லோ அந்த மில்லில் இருந்தவரை அப்படியே நடந்தது. ஹாஷிமின் மனைவிகூட ஒரு தடவை, "இதை எங்கே வைப்பது, பிள்ளை காலில் போட்டுக்கொள்கிறான்" என்று என்னிடம் யோசனை கேட்டார்.

அவர் சட்டியிலிருந்து வெளியே வந்த அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். பாட்டு முடிந்தது. ரூத் வேதம் வாசித்தாள். பிள்ளைகள் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். அவர் "அன்பும் இரக்கமுமுள்ள" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார். அப்போதும் வரவில்லை.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

நான் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"சாமி," என்றேன். பிள்ளைகள் மூன்றும் கண்ணைத் திறந்துவிட்டன. "எனக்கு உங்க தமிழு வராது. தெரிஞ்ச தமிழ்ல சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்த மனுஷன் உங்ககிட்ட அழறதுக்கு அந்தச் சட்டிக்குள்ள போறாரு. இனிமே அவர அங்க கூப்புடாதீங்க. பேசணும்னா நீங்க இங்க வாங்க. பிள்ளைங்கள நான் வெளிய கூட்டிட்டுப் போயிர்றேன். எம்புள்ளைக்குக் காச்சல் எறங்கணும். அவ்வளவுதான். ஆமென்."

அவர் ஆமென் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தார். வீட்டில், விளக்கு வெளிச்சத்தில், எங்கள் எல்லோருக்கும் முன்னால்.

சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன். மறுநாளிலிருந்து குடும்ப ஜெபத்துக்கு முன்பு, பிள்ளைகள் மூவரையும் இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடுவேன். கதவைச் சாத்திவிடுவோம். வெளியே கொசுக்கடி. தேவராஜுவின் மனைவி ஒருநாள் வேலியோரமாக வந்து மெதுவாகக் கேட்டாள்.

"என்னக்கா, வீட்டுல சண்டையா? தினம் வெளிய நிக்கிறீங்க?"

"சண்டையெல்லாம் இல்ல. உள்ள விருந்தாளி வந்திருக்காங்க."

ரூத்தின் காய்ச்சல் அந்த வருடமே நின்றது. மருந்து வேலை செய்தது என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் டாக்டருக்கும் நன்றி சொன்னார், ஆண்டவருக்கும் நன்றி சொன்னார். ரூத் இப்போது ஜோகூர் பாருவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பிள்ளைகளுக்கு வகிடு கோணலாகத்தான் எடுக்கிறாள்.

பிறகு குளுவாங் வீட்டுக்கு மாறினோம். பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி அவரவர் வழியில் போனார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த நேரத்தில் யாரும் சொல்லாமலே முற்றத்துக்கு எழுந்து போவார்கள். மருமக்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, பிறகு அவர்களும் போக ஆரம்பித்தார்கள்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று வீடு நிறைய ஆட்கள். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், யாரோ கலக்கி வைத்த காப்பி, ஓயாத பேச்சு. விளக்கு போடும் நேரம் வந்தது. ரூத் எழுந்தாள். தம்பி, தங்கை, மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். வந்திருந்த உறவுக்காரர்களையும் மெதுவாகக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்கள். பழக்கத்தில் நானும் எழுந்தேன்.

ரூத் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"நீங்க இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

பிறகு வீட்டுக்குள் போடுகிற செருப்பைக் கழற்றினேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

"வாங்க, சாமி," என்றேன். "இனிமே நான்தான் இருக்கேன்."